நம்மவர் பட்டியலில் தயிர்

நாள் 41. காலை 09:10
நிலவு, தென்முனை நிலையம். எழுதுவது மருத்துவர் தங்கநாச்சி. இங்கே நானும் என் கணவர் செங்கோடனும் மட்டும்தான். அவருக்குக் குடல் அழற்சி. நோய் எதிர்ப்பு அணுக்கள் சொந்தக் குடலையே தாக்குகின்றன. இன்று நானோ துகள் ஊசி போட்டேன். எவையெல்லாம் நம்மவை, எவற்றை அடிக்கக் கூடாது என்ற பட்டியலைத் துகள்கள் அந்த அணுக்களுக்குக் கற்றுக்கொடுக்கும். பட்டியலில் அவர் குடலின் புரதங்கள். கடைசியாக ஒன்றை நானே சேர்த்தேன்: தயிர். ஊரிலிருந்து கொண்டுவந்த உறையில் நான் தினமும் தோய்க்கிற தயிர். அதையும் அணுக்கள் எதிரியாகவே பார்ப்பதால், மூன்று வருடமாகத் தொட முடியாமல் ஏங்குகிறார் மனுஷன்.

நாள் 63. பகல் 13:30
இரத்தப்போக்கு நின்றது. எடை ஆறு கிலோ ஏறியிருக்கிறது. வேலைக்குப் போன துளையிடும் தளத்திலிருந்து ரேடியோவில் அவர்: "ஏங்கண்ணு, இன்னிக்கும் தயிர்ச் சோறுதானே? கொஞ்சம் கெட்டியாப் போடு."
தின்னுங்க மாமா, வயிறு நிறையத் தின்னுங்க.

நாள் 70. காலை 08:05
அவருக்குக் காய்ச்சல், 39.8 டிகிரி செல்சியஸ். குடலில் புண் இல்லை. பிறகு எங்கிருந்து வந்தது?

நாள் 71. மாலை 16:20
இரத்தத்தில் கிருமி. எதிர்ப்பு அணுக்கள் பக்கத்திலேயே நின்று வேடிக்கை பார்க்கின்றன.
அதே கிருமி தயிர்க் கிண்ணத்திலும் இருக்கிறது. ஐயோ.
ஆய்வகத்தில் தூய உறை மூடி வைத்திருந்தேன். நம் வீட்டு ருசியே வேண்டுமென்று, கிண்ணத்திலிருந்து ஒரு கரண்டி எடுத்துத் துகளில் ஏற்றினேன். அதில் ஒண்டியிருந்த கிருமியையும் நம்மவர் ஆக்கிவிட்டேன். புத்தி கெட்டவள். எந்த மருந்துக்கும் கிருமி அசையவில்லை. போட்ட துகளைத் திரும்ப எடுக்க வழியில்லை.
பூமியிலிருந்து: "கலம் கிளம்பியாச்சு டாக்டர். ஆறு நாள் எப்படியாவது தாக்குப் பிடிங்க."

நாள் 72. காலை 11:00
ஆய்வகத்தில் இருக்கிறேன். படுக்கையறையிலிருந்து ஒலிபெருக்கியில் அவர்: "எதுவோ ஒத்துக்கல போல. தயிரை மட்டும் நிறுத்திப்போடாத கண்ணு."
உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. சரிங்க மாமா என்றேன்.

நாள் 73
14:40க்கு அவர் மூச்சு நின்றது. கடைசி வரை சொல்லவில்லை.
இதைப் படிப்பவர்களுக்கு: கிண்ணத்தை எரித்துவிடுங்கள். தினமும் நானும் அதே தயிரைத்தான் சாப்பிட்டேன். இப்போதும் ஒரு கரண்டி தின்றேன். எனக்கு ஒன்றும் ஆகாது. என் உடம்புக்கு அந்தக் கிருமி அந்நியம், அடித்து விரட்டிவிடும். அதுதான் தாங்க முடியவில்லை.

பழக்கத்தில் இரண்டு பேருக்குப் பால் காய்ச்சிவிட்டேன். ஆறிவிட்டது. உறை ஊற்ற வேண்டும். மாமா, கெட்டியாகத்தானே