இரவில் மட்டும் போட வேண்டிய மாத்திரை

அப்பா,

இன்று சாயங்காலம் சித்தப்பா என் கையில் ஒரு நசுங்கிய பழைய மாத்திரை அட்டையைக் கொடுத்தார். பழுது பார்த்து இப்போது அவர் ஓட்டுகிற உங்கள் ஜீப்பில், சீட்டுக்கு அடியில் கிடந்ததாம். "விடியக்கால வண்டி எடுக்கணும் பாப்பா. மூக்கு ரெண்டும் அடைச்சுக்கிருச்சு. இதே மாத்திரைய வாங்கிட்டு வா. ஒங்கப்பன் போட்டதுதான், நல்லாக் கேக்கும்" என்றார். நான் வாங்கி வந்து கொடுத்தும்விட்டேன். கொடுக்கும்போது வாயைத் திறக்கவில்லை. இப்போது அறிவியல் நோட்டின் கடைசிப் பக்கத்தில், டார்ச் வெளிச்சத்தில் உங்களுக்கு எழுதுகிறேன். பக்கத்தில் அம்மா தூங்குகிறாள்.

என் மேல் மட்டுமல்ல, எனக்கு உங்கள் மேலும் கோபம்தான். நான்கு மணிக்கு எழுந்து பச்சைத் தண்ணீரைத் தலைக்கு ஊற்றாமல் நீங்கள் ஸ்டியரிங்கைத் தொட்டதே இல்லை. ஈரத் தலையோடு திருநீறு பூசி, ஏலத்தோட்டத்து வேலைக்குப் போகிற பெண்களை ஏற்றிக்கொண்டு கம்பம்மெட்டு ஏறுவீர்கள். ஜீப்புக்குக் கதவு கிடையாது. மலைக்காற்று நேராக முகத்தில் அறையும். வீடு வந்ததும் புருவத்துக்கு மேலே கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு, "நீர் கோத்துக்கிருச்சு ஆத்தா. குனிஞ்சா மண்டை கழண்டு விழுந்துரும்போல இருக்கு" என்பீர்கள்.

சைனஸ் என்று ஆஸ்பத்திரி நர்ஸம்மா எத்தனை தடவை சொன்னார். தலைக்கு ஊற்றுவதைச் சாயங்காலத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள், காதையும் மூக்கையும் சேர்த்துத் துண்டு கட்டுங்கள், ஆவி பிடியுங்கள், கொதிக்கவைத்து ஆறிய தண்ணீரில் உப்புப் போட்டு மூக்கைக் கழுவுங்கள் என்றார். பத்து நாளுக்கு மேல் இழுத்தாலோ, கண்ணைச் சுற்றி வீங்கினாலோ வீட்டில் உட்கார்ந்திருக்காமல் வரச் சொன்னார். இதில் எது அப்பா முடியாத காரியம்?

உப்புத் தண்ணீரை ஒரே ஒரு நாள் செய்தீர்கள். "இந்த மூக்குல ஊத்துனா அந்த மூக்குல வரணுமா? நான் என்ன கொழாயா?" என்று தள்ளித் தள்ளிப் போனீர்கள். அம்மா விடவில்லை. "சும்மா குனிங்க. ஊரையே மலையேத்துறீக, ஒரு சொம்புத் தண்ணிக்குப் பயப்படுறீகளே!" இருமித் தும்மிக் கண்ணீர் வழிய நிமிர்ந்தீர்கள். "அடியே, மூச்சு வருதுடி!" என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினீர்கள். அடுத்த நாளே விட்டுவிட்டீர்கள். "அதுக்கெல்லாம் நேரமில்ல ஆத்தா. மாத்திரைன்னா முழுங்கிட்டுப் போய்க்கிட்டே இருக்கலாம்."

அந்த மாத்திரையையும் நான்தான் வாங்கி வந்தேன். மருந்துக்கடை அண்ணன், "ராத்திரி மட்டும் போடச் சொல்லு பாப்பா. தூக்கம் அசத்தும். வண்டி ஓட்டுறவரு" என்று தெளிவாகச் சொன்னார். டியூஷனுக்கு நேரமாகிவிட்டது. ஆணியில் தொங்கிய உங்கள் சட்டைப் பையில் அட்டையைப் போட்டுவிட்டு ஓடினேன். சொல்ல மறந்துவிட்டேன். மறுநாள் விடியற்காலை வாசலில் நின்று டீயோடு ஒரு மாத்திரையை நீங்கள் விழுங்கியதைப் பாயில் படுத்தபடியே பார்த்தேன். அப்போதும் ஞாபகம் வரவில்லை.

அன்றைக்கே, பெண்களை இறக்கிவிட்டு வெறும் வண்டியாகத் திரும்பும்போது வளைவில் ஜீப் உருண்டது. துக்கத்துக்கு வந்தவர்கள் நம் வாசலில் உட்கார்ந்தே பேசினார்கள். "விடியமுன்னயே ஊத்திட்டு ஏறிருப்பான். பழைய பழக்கம் எங்கன போகும்?" நீங்கள் குடியை விட்டு மூன்று வருஷம் ஆகியிருந்தது. அவர்கள் முகத்துக்கு நேரே கத்த வேண்டும் போல இருந்தது. கத்தினால், மாத்திரை வாங்கி வந்தது யார் என்று கேட்பார்கள். பேசாமல் இருந்துவிட்டேன். ஒரு வருஷமாக அப்படியேதான் இருக்கிறேன்.

நாளை சித்தப்பா வண்டியில் பதினொரு பெண்கள் ஏறுவார்கள்.

நோட்டை மூடிவிட்டு அம்மாவை எழுப்பினேன், அப்பா. எல்லாவற்றையும் சொன்னேன். கடைக்கார அண்ணன் சொன்னதை, நான் மறந்ததை, இன்று சித்தப்பாவுக்கு வாங்கிக் கொடுத்ததை, எல்லாவற்றையும். இப்போது மறுபடி உட்கார்ந்து எழுதுகிறேன்.

அடிப்பாள் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. என் தோளைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள். பிறகு கேட்டாள்.

"அப்ப அன்னைக்கு ஒங்கப்பா குடிக்கலையா?"

"இல்லம்மா. டீதான் குடிச்சாக."

அம்மாவும் ஊரைப் போலத்தான் நினைத்திருந்தாள் என்பது அதுவரை எனக்குத் தெரியாது.

சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனாள். சித்தப்பா வீட்டுக் கதவை அவள் தட்டுவது இங்கே கேட்கிறது. "என்ன மதினி, இந்நேரத்துல?" என்கிறார் அவர். மாத்திரையைப் போட வேண்டாம் என்று சொல்லத்தான் போனாள். ஆனால் முதலில் அவள் வாயிலிருந்து வந்தது வேறு.

"ஒங்க அண்ணன் குடிக்கல தம்பி. அவுக குடிக்கவே இல்ல."

இனி ஊரில் எல்லாருக்கும் தெரிந்துவிடும். 'ராத்திரி மட்டும்' என்று கடைக்கார அண்ணன் சொல்லி அனுப்பிய அந்த ஒரு வார்த்தையை இன்று எல்லாரிடமும் சேர்த்துவிட்டேன். அது உங்களுக்குச் சொல்லி அனுப்பியது, அப்பா. உங்களிடம் மட்டும்தான் சேர்க்கவில்லை.