வெளியே எடுத்த சிலுவை

நவம்பர், வியாழக்கிழமை இரவு

நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் மதியம் சாப்பிடும்போது கிறேத்தே பேச்சைத் தொடங்கினாள். எங்களோடு வேலை செய்யும் நோர்வேஜியப் பெண். தேவாலயப் பக்கமே போகாதவள். "ஐரோப்பாவை ஒன்றாக வைத்திருப்பது கிறிஸ்தவம்தான். அது இல்லாதவர்கள் எத்தனை வருடம் இருந்தாலும் வெளியாட்கள்தான்" என்றாள்.

எதிரே முக்காட்டோடு ஹலீமா இருந்தாள். சோமாலியாக்காரி. என் அம்மா செத்த கிழமை முழுவதும் என் வேலைமுறைகளையும் சேர்த்துச் செய்தவள்.

கிறேத்தே என்னைப் பார்த்தாள். என்னையும் வெளியாளாக எண்ணிவிடுவாளோ என்று எனக்குப் பயம் வந்தது. சட்டைக்குள் கிடந்த சிலுவையை வெளியே எடுத்து, "நான் கிறிஸ்தவள்" என்றேன்.

"இங்கே வந்து மாறினாயா?" என்று அன்பாகக் கேட்டாள். யாழ்ப்பாணத்தில் நாங்கள் தலைமுறை தலைமுறையாகக் கத்தோலிக்கர் என்றேன். அவள் நம்பியதாகத் தெரியவில்லை. ஹலீமா சாப்பாட்டுப் பெட்டியை மூடிக்கொண்டு எழுந்து போனாள். பிறகு என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

வீட்டுக்கு வந்து இவரிடம் சொன்னேன்.

"நீர் உள்ளதைத்தானே சொன்னனீர்?"

"ஓம். ஆனா ஆருக்கு முன்னாலை சொன்னனான் எண்டு யோசியுங்கோ."

அவர் படுக்கப் போய்விட்டார்.

நாளை காலை ஏழு மணிக்கு, நடக்க முடியாத ஒரு கிழவரை நானும் ஹலீமாவும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்க வேண்டும். அவள் முகத்தைப் பார்க்காமல் அதைச் செய்ய முடியாது.