நாற்பத்தொன்றாவது வரியில் ஒன்றுமில்லை

இன்று காலை எடைக் கொட்டகைக்குள் நுழைந்ததும் பச்சைக் கொழுந்து வாசனையோடு நம் பழைய சண்டையும் வந்து நின்றது. தராசுக்கு நாம் எழுதிய கணினி நிரல் கம்பைல் ஆக மறுத்தது. நாற்பத்தொன்றாவது வரியில் ஏதோ அந்நிய எழுத்தாம். போய்ப் பார்த்தால் அங்கே ஒன்றுமில்லை. ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி என் தோளுக்குப் பின்னாலிருந்து, "நான் அப்பவே சொன்னேன்லா, தமிழ எடுத்துருன்னு" என்றார். நீ இந்தத் தேயிலைத் தோட்டத்தை விட்டுப் போய்ப் பத்து மாதம் ஆகிறது. மனிதர் மாறவே இல்லை.

கூடையைத் தராசில் வைத்ததும் பறித்தவர் பெயரும் எடையும் திரையில் வர வேண்டும். பெயர்களைத் தமிழில் வைத்தது நீ. உன் அம்மாவும் இங்கேதான் கொழுந்து பறித்தார். அவருக்குத் தெரிந்த எழுத்து அது ஒன்றுதான். நிரல் எழுதிய முதல் வாரமே இதே பிழை வந்தது. கிராணி தமிழைக் கைகாட்டியதும் நானும் நம்பிவிட்டேன். வெட்கத்தோடு சொல்கிறேன், உன் அம்மாவின் பெயரில் பாதியை அழித்தும்விட்டேன். "கைய எடுடி!" என்று நீ போட்ட சத்தத்தில் கொட்டகையே திரும்பிப் பார்த்தது.

ஒவ்வோர் எழுத்துக்கும் கணினி உள்ளே வைத்திருக்கும் எண்ணை விரித்துப் பார்த்தாய். தமிழ்ப் பெயர்களில் ஒரு குறையும் இல்லை. குற்றவாளி ஓர் இடைவெளி! லயத்து வீட்டில் இணைய லைன் கிடைக்காமல், பிரிஞ்சாங் ஊர்ச் சந்தையில் நின்று ஏதோ இணையப் பக்கத்திலிருந்து நான் நகலெடுத்து வந்த வரி அது. பார்வைக்கு வெறும் இடைவெளி, கம்பைலருக்கு வேறு எழுத்து. அழித்துவிட்டுக் கையால் தட்டினாய், ஓடியது. "கண்ணுக்குத் தெரியாதவன் தப்பு பண்ணா, கண்ணுல படுறவனுக்குத்தான் அடி" என்றாய். கிராணிக்குக் கேட்கும்படிதான் சொன்னாய்.

இன்றும் அப்படியே தேடினேன். நீ பக்கத்தில் இல்லாமல் தேடுவது எனக்குப் பிடிக்கவே இல்லை. அடைப்புக்குறிக்குப் பின்னால் அகலமே இல்லாத ஓர் எழுத்து ஒளிந்திருந்தது. அதை எடுத்ததும் நிரல் ஓடியது. உடனே கிராணி வேறு பாட்டைத் தொடங்கினார்.

"இப்ப முக்காவாசி பங்களாதேஷ் ஆளுங்க. தமிழ் படிக்கிறது பன்னெண்டு பேருதான். அவங்களுக்கா இவ்ளோ பாடு?"

"அந்தப் பன்னெண்டு பேருக்குத்தான் ஐயா. மத்தவங்க பேரையும் அவங்க எழுத்துலயே போடப் போறேன்."

அவர் முகம் போன போக்கை நீ பார்த்திருக்க வேண்டும். எனக்கு வங்காள எழுத்து ஒன்றுகூடத் தெரியாது. பிழை வரும், நிறைய வரும். வரட்டும். யார் பெயரிலும் இனி நான் கை வைக்க மாட்டேன்.