பெயர் சொல்லாமல் செய்த ஜெபம்

அனுப்புநர்:
பதினொன்றாம் வகுப்பு மாணவியின் தகப்பன்,
சலவைக் கடை, பள்ளிக்குப் பின்தெரு.

பெறுநர்:
தாளாளர் அவர்கள்,
திருச்சபை மேல்நிலைப் பள்ளி.

பொருள்: உளவியல் ஆசிரியையிடம் என் மகள் தனியாகச் சொன்னது காலை ஜெபத்தில் சொல்லப்பட்டது குறித்து.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் அதிகம் படித்தவனல்ல. சுற்றி வளைத்துத்தான் எனக்குச் சொல்ல வரும். பொறுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

2. உளவியல் ஆசிரியைமேல் எனக்குப் பகை இல்லை. அவருடைய புடவைகள் என் கடைக்குத்தான் வருகின்றன. கஞ்சி கொஞ்சம் கூடினாலும் முகம் சுளிக்க மாட்டார். என் மனைவி படுக்கையில் கிடந்தபோது வீட்டுக்கு வந்து பாத்திரம் கழுவிக் கொடுத்தவர். வேண்டாம் என்று நான் தடுத்ததற்கு, "நீங்க போய் இஸ்திரியைப் பாருங்கண்ணே, தீயுற வாசனை வருது" என்றார். உண்மையிலேயே ஒரு சட்டை தீய்ந்துதான் போயிருந்தது. அது வேறு கதை.

3. என் மனைவி கடைசி மாதங்களில் யாரோடும் பேசவில்லை. சுவரைப் பார்த்தே படுத்திருந்தாள். அது ஏன் என்று தெரிந்துகொள்ளத்தான் மகள் இந்தப் பாடத்தை எடுத்தாள். துக்கத்தைப் பற்றி நடத்திய அன்று, மனதில் கிடப்பதைக் கர்த்தரிடம் மறைக்க வேண்டாம், கோபமானாலும் சொல்லலாம் என்று ஆசிரியை கற்பித்திருக்கிறார். நல்ல பாடம். வகுப்பு முடிந்ததும் மகள் அவரிடம் போய், "அம்மா போனதுலேருந்து ஜெபம் பண்ண உக்காந்தா கோபந்தான் டீச்சர் வருது" என்று சொல்லியிருக்கிறாள். அவர் கட்டி அணைத்துக்கொண்டாராம்.

4. மறுநாள் காலை ஜெபத்தில், தன் உளவியல் வகுப்பில் தாயை இழந்து ஆண்டவர்மேல் கோபமாயிருக்கும் ஒரு மாணவிக்காக வேண்டிக்கொள்ளுங்கள் என்று அவரே ஒலிபெருக்கியில் ஜெபக் குறிப்பு கொடுத்தார். பெயர் சொல்லவில்லை. ஆனால் ஐயா, அந்த வகுப்பில் தாய் இல்லாத பிள்ளை ஒன்றுதான்.

5. எனக்கே இது கடையில்தான் தெரிந்தது. நம் ஆலயத்தில் மணியடிக்கும் கோயில்குட்டியாரின் மனைவி துணி வாங்க வந்தவர், "என்னப்பா, உன் பொண்ணுக்கு ஆண்டவர் மேல கோவமாமே. எங்க பெண்கள் கூட்டத்துலயும் வச்சு ஜெபிச்சோம், கவலைப்படாத" என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். பெற்றவன் நான் அதைக் கேட்டுக்கொண்டு அவர் துணியை மடித்துக் கொடுத்தேன்.

6. பள்ளியில் சிலர் அவள் பையில் வேத வசனம் எழுதி வைக்கிறார்கள். சிலர், "ஆண்டவரோட டூ விட்டவ வர்றா, வழி விடுங்கடா" என்கிறார்கள். வசனம்தான் அதிகம் வலிக்கிறது என்கிறாள். இப்போது உளவியல் வகுப்புக்குப் போவதில்லை. கணக்குப் பதிவியலுக்கு மாற்றிக்கொள்ள வேண்டும் என்கிறாள். இந்த வார இறுதிக்குள் முடிவு சொல்லுமாறு பள்ளியில் கேட்கிறார்கள். வீட்டிலோ, தாயைப் போலவே சுவர்ப் பக்கம் திரும்பிப் படுக்கிறாள். எனக்குப் பயமாயிருக்கிறது.

7. நான் ஆசிரியையிடம் நேரில் கேட்டேன். "ஜெபத்துக்குத்தானே அண்ணே சொன்னேன்" என்றார். அவர் கண் கலங்கியது. பொய் இல்லை என்று தெரிந்தது. அதனால்தான் தங்களிடம் வருகிறேன். கெட்ட எண்ணத்தோடு செய்திருந்தால் நானே சண்டை போட்டிருப்பேன்.

8. ஆகவே ஐயா, வகுப்பில் பிள்ளைகள் சொல்வதை அவர்களைக் கேட்காமல் ஜெபக் குறிப்பாக்கக் கூடாது என்று உத்தரவிட வேண்டும். பாடத்தை மாற்றும் விஷயத்தைச் சற்று நிறுத்தி வைக்க வேண்டும். ஆசிரியை என் மகளைத் தனியாகப் பார்க்க வேண்டும். அன்று அவர் ஜெபிக்க வேண்டாம். அவள் பேசினால் கேட்டுக்கொண்டிருந்தால் போதும்.

9. இந்த மனுவைத் தயவுசெய்து எந்தக் கூட்டத்திலும் வாசிக்க வேண்டாம். எழுதியதை மகளிடம் கொடுத்து, அனுப்பலாமா என்று கேட்டேன். முழுவதும் படித்து ஒரு வரியை அடித்துவிட்டு, "மத்ததெல்லாம் இருக்கட்டும்பா" என்றாள். அவள் அடித்த வரியை நான் யாரிடமும் சொல்லப் போவதில்லை. தாங்களும் கேட்க வேண்டாம்.

இடம்: பள்ளிக்குப் பின்தெரு
நாள்: செவ்வாய்க்கிழமை

தங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
மாணவியின் தகப்பன்
(ஒப்பம்)