தம்பிக்கு நான் ஜாமீன்

மார்ச் 4, செவ்வாய்
காலையில் சமையல் புத்தகம் ஒன்றுக்கு மெய்ப்பு திருத்தினேன். மதியம், தம்பியின் வழக்கைப் பார்க்கும் வக்கீலம்மா வந்தார். அவன் முதலாளிக்காகத் துறைமுகத்தில் கையெழுத்துப் போட்டு எடுத்த தண்ணீர் பம்புகளுக்குள் போதைப்பொருள் இருந்தது. இந்த மாதிரி வழக்கில் ஜாமீன் லேசில் கிடைக்காதாம். வழக்கு முடிய இரண்டு வருஷம்கூட ஆகலாம். நாள் முழுக்க வீட்டிலிருந்து அவனைக் கவனித்துக்கொள்ள ஒருவர் பொறுப்பேற்றால் கேட்டுப் பார்க்கலாம் என்றார். அம்மா என்னைப் பார்த்தாள். வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவள் நான்தான்.

மார்ச் 7
நாவலில் என்றால் தம்பியை நம்பலாமா என்பதற்கு இதற்குள் ஏதாவது ஜாடை கிடைத்திருக்கும்.

மார்ச் 9, ஞாயிறு
தம்பியைச் சிறையில் பார்த்தேன். "என்னக்கா, கண்ணெல்லாம் வீங்கியிருக்கு? புத்தகத்துல யாராவது செத்துட்டாங்களா?"
பம்புக்குள்ளே என்ன என்று முதலாளியிடம் ஒருதடவைகூடக் கேட்கவில்லையா என்றேன்.
"கேட்டா வேலை போயிடும்னு தோணுச்சு."
தோன்றியிருக்கிறது. அப்படியென்றால்?

மார்ச் 13
கோர்ட். அரசு வக்கீல் என்னிடம், "உங்க தம்பி நிபந்தனையை மீறினா போலீஸுக்குச் சொல்வீங்களா?"
"சொல்வேன்."
"கூடப் பிறந்தவனையா?"
"முதல்ல தடுப்பேன். கேக்கலேன்னா சொல்வேன்."
நீதிபதி பேனாவை வைத்துவிட்டு என்னையே பார்த்தார். ஜாமீன் கொடுத்தார். பாஸ்போர்ட்டை ஒப்படைக்க வேண்டும். நான் இல்லாமல் வெளியே போகக் கூடாது. வேலையிடத்து ஆட்கள் யாரோடும் பேச்சே கூடாது.
வராந்தாவில் அம்மா: "கொஞ்சம் தயங்கிச் சொல்லியிருக்கலாமேடி. பட்டுனு போட்டு உடைச்சிட்ட."
தயங்கியிருந்தால் அவன் வெளியே வந்திருக்க மாட்டான்.

மார்ச் 16
"ஜெயிலரம்மா, பாத்ரூம் போகலாமா?" என்றான் தம்பி. அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். நானும்தான்.

ஏப்ரல் 2
முதலாளியின் டிரைவர் தெருமுனையில் நிற்கிறாராம். அம்மாவின் போனில் பேசி வரவழைத்திருக்கிறான்!
"அஞ்சு நிமிஷம்க்கா. உனக்குத் தெரியாதுன்னு வச்சுக்கோயேன்."
"போகாதே. போனா நான் போன் பண்ணிடுவேன்."
"பண்ண மாட்டே."
வாசலில் குறுக்கே நின்றேன். தோளைப் பிடித்து மெதுவாக நகர்த்திவிட்டுப் போனான். மெதுவாகத்தான்.
போன் பண்ணினேன். போலீஸ் வருவதற்குள் திரும்பி வந்துவிட்டான், பாவி. பிஸ்கட் பாக்கெட்டோடு. நான் எதையும் மறைக்கவில்லை. கூட்டிக்கொண்டு போனார்கள்.

ஏப்ரல் 3
ஜாமீன் ரத்து. அம்மா என்னோடு பேசவில்லை.

ஏப்ரல் 20
இன்னமும் பேசவில்லை. புத்தகத்தைத் திறந்தால் ஒரே வரியைத்தான் திரும்பத் திரும்பப் படிக்கிறேன்.

மே 6
வக்கீலம்மா போன் செய்தார். அவன் டிரைவர் பெயரையும், அவர் மூலம் முதலாளி சொல்லி அனுப்பியதையும் போலீஸிடம் சொல்லிவிட்டானாம். மறுபடி மனு போடலாம். பொறுப்பேற்க வேறு யாராவது உண்டா என்று அவனிடமே கேட்டிருக்கிறார்.
"வேற யாரு? அக்காவையே கூப்பிடுங்க. அவ சொன்னாத்தான் ஜட்ஜ் நம்புவாரு" என்றானாம்.
கோபத்திலா சொன்னான் என்று கேட்டேன். "சிரிச்சுக்கிட்டுத்தான் சொன்னான்மா" என்றார்.
வருகிறேன் என்றேன்.