விரல் வைக்காத ஆறு கம்பி

மச்சி,

இன்று காலை உன் மகள் மந்தைவெளிக்கு வந்தாள். படியேறித் திரும்பும்போது அவள் தோளில் தொங்கிய உன் கிடார், உறையோடு கதவு நிலையில் இடித்தது. உள்ளே ஆறு கம்பியும் ஒன்றாக அதிர்ந்தன. அந்த ஒரு சத்தம் போதும் எனக்கு. நீதான் வந்துவிட்டாய் என்று நாற்காலியை விட்டு எழுந்தே விட்டேன். வேறு எவன் கிடார் இடித்தாலும் கன்னாபின்னாவென்று ஒரு இரைச்சல் வரும், அவ்வளவுதான்.

"கிளாஸ்ல சார் திட்றாரு மாமா. டியூனிங்கே தப்பா கீதாம், ஒரு கம்பி வேற மாத்திப் போட்டுக்கீதாம். நார்மலா வெச்சி எட்த்துனு வா, அப்பதான் சொல்லித் தருவேன்றாரு. மாமாகிட்டயே குடுத்துடுன்னு அம்மா அனுப்புச்சி."

அவள் கேட்டதில் ஒரு தப்பும் இல்லை. நந்தனத்தில் கல்லூரி விட்டதும் நேராகக் கிடார் வகுப்புக்கு ஓடுகிறாளாம். அப்பா கிடாரை எடுத்து வாசிக்க ஒரு பெண் ஆசைப்படுகிறாள் என்றால் நான் துள்ளிக் குதிக்க வேண்டாமா? ஆனால் கம்பியை முறுக்கும் அந்தத் திருகுகளைக் கடைசியாகத் திருப்பியது உன் கை. நீ கண்ணை மூடிய பிறகு யாரும் தொடவில்லை. அதைக் கலைக்கும் வேலையை என் தலையில்தானா கட்ட வேண்டும்? உறையைத் திறக்காமல், காபி போடுகிறேன் என்று உள்ளே போய்விட்டேன்.

பால் பொங்கும்வரை உன் நினைப்புதான். அடையாறு பாலத்தில் வண்டியோடு விழுந்து, மாவுக்கட்டுப் பிரித்த கையோடு நீ இதே அறையில் வந்து உட்கார்ந்தாய். இடது கையை நீட்டிக் காட்டினாய். மோதிர விரலும் சுண்டு விரலும் விறைத்துக்கொண்டு நின்றன. "இவுங்க ரெண்டு பேரும் லீவு போட்டுட்டாங்க மச்சி" என்று சிரித்தாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நம் ஆர்கெஸ்ட்ராவில் நீ கிடார், நான் பேஸ் கிடார். இது தெரிந்தால், முகூர்த்த மாதம் வந்ததும் லீடர் உன் இடத்தில் வேறு ஆளை நிறுத்திவிடுவார். நீயோ கிடாரை மடியில் போட்டு ஒவ்வொரு திருகாக இறக்க ஆரம்பித்தாய்.

"இன்னாடா பண்ற?"

"ரெண்டு விரலுக்குத் தோதா இத மாத்தினா இன்னா?"

கொஞ்ச நேரம் இறக்கினாய், ஏற்றினாய், என் காதைக் குடைந்தாய். திடீரென்று விரலே வைக்காமல் ஆறு கம்பியையும் தட்டினாய். சுரங்கள் சேர்ந்து முழுசாக ஒரு கார்ட் வந்தது. "கையே வெக்கல மச்சி, அதுவா பாடுது!" என்று கத்தினாய். ஒற்றை விரலைக் குறுக்கே படுக்க வைத்து மேலும் கீழும் நகர்த்தினால் கேட்ட கார்டெல்லாம் வந்தது. சோற்றை மறந்து வாசித்தாய்.

சோகப் பாட்டில்தான் மாட்டிக்கொண்டோம். அந்த டியூனிங்கில் விரலை எங்கே படுக்க வைத்தாலும் சந்தோஷமாகத்தான் ஒலித்தது. "எழவு வூட்டுக்குப் போனாகூட சிரிப்பான் போலக்கீதே இவன்" என்று கிடாரின் வயிற்றில் ஒரு தட்டு தட்டினாய்.

பக்கத்து வீட்டு மாமி பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுக்கும் நேரம் அது. சுவருக்கு அந்தப் பக்கம் சுருதிப்பெட்டி ஓடியது. நீ கையைத் தூக்கி என் வாயை அடைத்தாய். "ஸவும் பவும் மட்டும் வெச்சிக்கினுதான அவங்க எல்லாப் பாட்டும் பாடறாங்க? அழுவாச்சியும் அதுலதான வருது? நம்ம இன்னாத்துக்கு நடுவுல ஒருத்தன வெச்சிக்கினு அவஸ்தப்படறோம்?" ஸவுக்கும் பவுக்கும் நடுவில் காந்தாரமாகச் சிரித்துக்கொண்டே இருந்த அந்த மூன்றாம் கம்பியை இறக்கி நாலாவதன் சுருதியோடு சேர்த்தாய். தொளதொளவென்று தொங்கியது. அதைக் கழற்றிவிட்டுத் தடித்த கம்பி ஒன்று மாட்டினோம். மறுபடி தட்டினாய். சிரிப்பும் இல்லை, அழுகையும் இல்லை. எந்தப் பாட்டுக்கும் இடம் விட்டு நின்றது. மறுநாள் மாமி என்னைப் படியில் நிறுத்தி, "ஆத்துல தம்புரா வாங்கிண்டேளா? நன்னா சேர்ந்திருக்கே" என்றாள். அதைச் சொன்னதும் உனக்குத் தலைகால் புரியவில்லை.

அப்புறம் தி.நகர் மண்டபத்து ரிசப்ஷன். பாட வந்தவருக்குத் தொண்டை கட்டியிருந்தது. "சுருதிய அரைக்கட்டை இறக்கிக்கலாம்" என்று மேடையிலேயே சொல்லிவிட்டார். மற்றவர்கள் விரலை நகர்த்திக்கொண்டால் வேலை முடிந்தது. உனக்கு விரல் வைக்காத கம்பிதான் பாட்டின் சுருதி, அதற்குக் கீழே போக இடமே இல்லை. ஆறு கம்பியையும் இறக்கியாக வேண்டும். அறிவிப்பாளர் மாப்பிள்ளை வீட்டாருக்கு நன்றி சொல்லி முடிப்பதற்குள், கூட்டத்தைப் பார்த்துச் சிரித்தபடியே ஒவ்வொன்றாகத் திருகினாய். உன் திருகுச் சத்தம் கேட்காமலிருக்க நான் பேஸைப் போட்டு உருட்டிக்கொண்டிருந்தேன். பாட்டு ஆரம்பித்தது. சுருதி சுத்தமாக நின்றது. நீ விரலை நீட்டிக்கொண்டு வாசிப்பதை ஸ்டைல் என்றே லீடர் கடைசிவரை நம்பினார்.

பந்தியில் உட்கார்ந்தபோது, "வெளில சொல்லாத நைனா. பாவம் பாத்துக் கூப்டுவானுங்க. அது வாணாம்" என்றாய். நான் யாரிடமும் சொல்லவில்லை.

காபி ஆறிப் போனது. இதற்கு மேல் தள்ளிப்போட முடியாது என்று உறையைத் திறந்தேன். கம்பிகள் கொஞ்சம் இறங்கியிருந்தன; ஆனால் எல்லாம் சேர்ந்தாற்போல இறங்கியிருந்ததால் சுருதி பெரிதாகக் கெடவில்லை. விரல் வைக்காமல் ஒரு முறை தட்டி, சத்தம் அடங்கும்வரை கம்பியைத் தொடாமல் இருந்தேன். உன் மகள் தலையைக் குனிந்துகொண்டாள். "தெனம் காலைல வூட்ல இதான் மாமா மொதல்ல கேக்கும்" என்றாள்.

"அப்படியே விட்டுடட்டுமாம்மா? நான் வேற கிடார் வாங்கித் தரேன்."

அவள் யோசித்தாள். பிறகு தன் இடது கையை என் முன்னால் நீட்டி விரல்களை மடக்கி மடக்கிக் காட்டினாள். "அப்பாக்கு வேற வழியில்ல. எனக்குத்தான் நாலும் மடங்குதே மாமா. அப்பா கிடார்லயே கத்துக்கறேன்."

தடித்த கம்பியைக் கழற்றினேன். என்னிடமிருந்த சாதாரணக் கம்பியை மாட்டினேன். ஆறு திருகையும் திருப்பி, எல்லோரும் வைக்கிற மாதிரி வைத்துக் கொடுத்தேன். போகும்போது கதவு நிலையில் இடிக்காமல் பார்த்துப் போனாள்.

அவள் போன பிறகு, பரணில் கிடந்த என் பழைய ஆறு கம்பிக் கிடாரை எடுத்து உன் சுருதிக்கு இறக்கினேன். கழற்றிய கம்பியையே மூன்றாவதாக மாட்டினேன். மோதிர விரலையும் சுண்டு விரலையும் நீட்டி வைத்துக்கொண்டு உன்னைப்போல வாசித்துப் பார்த்தேன். ஒரு பாட்டு முடிவதற்குள் மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை இழுத்துப் பிடித்துக்கொண்டது. உதறினேன், விடவில்லை. இது நல்ல கை மச்சி, உடையாத கை. நீ உடைந்த கையை வைத்துக்கொண்டு கச்சேரி முழுக்க நின்று வாசித்தாய். முடிந்ததும் என் தோளில் அடித்து, சாப்பிடப் போலாமா என்பாய்.

உன் வீட்டுக்கு வெளியே உன் ரகசியம் தெரிந்த ஒரே ஆள் நான் என்று இத்தனை நாள் பெருமையில் இருந்தேன். விரல் மடங்காததைச் சொன்னாய். வலித்ததைச் சொல்லவில்லை.

என் கிடார் இனி இப்படித்தான் இருக்கும். தினமும் காலையில் ஒரு பாட்டாவது வாசிப்பேன். கை வலிக்கும், வலிக்கட்டும். நீ ஒரே ஒரு முறை இந்தப் படியேறி வந்து, "வலிக்குது மச்சி" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போயேன்.