லாரி உன்னைத் தேடி வரவில்லை

இன்று காலை உன் மாமா வாட்ஸ்அப் குழுவில் இரண்டு படங்கள் அனுப்பினார். புதுச்சத்திரம் பெட்ரோல் பங்க் கேமராவில் பதிந்தவை. உன்னை இடித்த லாரியைச் சுற்றிச் சிவப்பு வட்டம். அதே லாரி அன்று காலையில் எதிர்த்திசையில் போன படத்திலும் வட்டம். கீழே எழுதியிருந்தார்: "ரெண்டு தடவ வந்திருக்குது. டிரைவரு ஊரும் கிழக்குக் காட்டுக்காரன் மாமனாரு ஊரும் ஒண்ணு. இன்னுமா புரியல?"

எனக்குப் புரியவில்லை மாப்ள. லோடு ஏற்றிப் போன லாரி திரும்பி வராமல் என்ன செய்யும்?

ஆனால் முதல் வட்டத்தைப் போட்டவன் நீதான். அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

நான் பாலிடெக்னிக்கைப் பாதியில் விட்டுவிட்டு போர்வெல் ரிக் வண்டிக்கு வேலைக்கு வந்தபோது நீ அதில் டிரில்லர். போர் போட்டுத் தண்ணீர் வந்தால் வண்டிக் கதவின் உள்பக்கம் சுண்ணாம்பால் ஒரு கோடு இழுப்பாய். காய்ந்த குழிக்குக் கோடு கிடையாது. அந்தக் கதவைக் காட்டி, "உள்ளங்கையில தேங்கா எந்திரிச்சு நின்னா தண்ணி நிச்சயம்டா" என்பாய். ஒரு நாள் காய்ந்த குழிக்கு நான் ஒரு பெருக்கல் குறி போட்டேன். உடனே துடைத்தாய்.

"காஞ்சத எழுதி வெச்சா அடுத்ததும் காஞ்சு போகும்டா."

"எழுதாட்டி மட்டும் ஊறுதா?"

"படிப்ப உட்டுட்டு வந்தவன் வாயப் பாரு!"

சிரித்தோம். பிறகு உன் சொந்தக் காட்டில் தேங்காய் எழுந்து நின்றது. எண்ணூறு அடி வரைக்கும் புழுதிதான் பறந்தது. அதே வாரம் வரப்புக்கு அந்தப் பக்கம், கிழக்குக் காட்டுக்காரருக்குத் தண்ணீர் பீய்ச்சி அடித்தது. தேங்காய் வைத்து நீரோட்டம் பார்த்தவர் அவர் வீட்டில் டீ குடித்தாராம், விலை போய்விட்டாராம்; அதுதான் நீ போட்ட வட்டம். "உங்க ஊட்லயுந்தான குடிச்சாரு?" என்றேன். மூன்று நாள் என்னோடு பேசவில்லை நீ. குழி காய்ந்தது என்று ஒப்புக்கொள்வதைவிட ஓர் எதிரி இருப்பது உனக்கு லேசாக இருந்தது.

நான்காம் நாள் நீயாகவே டீ குடிக்கக் கூப்பிட்டாய். ஆளுக்கொரு பைக்கில் கிளம்பினோம். அதுதான் கடைசி.

உன் காரியம் முடிந்த மறுநாளே யாரோ கிழக்குக் காட்டுக்காரரின் சொட்டுநீர்க் குழாய்களை வெட்டிப் போட்டார்கள். இன்று அவர் வீட்டுக்கே ஆள் திரட்டிப் போவதாகப் பேச்சு. பின்னால் வந்த நான்தான் சாட்சி. "லாரி வேணும்னே வந்துச்சுனு ஒரு வார்த்த சொல்லு சாமி, போதும்" என்றார் உன் மாமா.

சொன்னால் எனக்கும் வசதிதான். நெடுஞ்சாலை நடுத்திட்டு இடைவெளியில் வண்டியைத் திருப்பும்போது நீ என்னைப் பார்த்து, "ஏண்டா, உருட்டிக்கிட்டா வார?" என்று கத்தினாய். நானும் பதிலுக்குக் கத்தினேன். அதைக் கேட்க இன்னும் கொஞ்சம் திரும்பினாய். லாரி அதன் பாதையில்தான் வந்தது.

மதியம் உன் வீட்டுக்குப் போய் இதை அப்படியே சொன்னேன். மாமா என் சட்டையைப் பிடித்தார். "எவ்வளவு வாங்குனடா அவங்கிட்ட?"

நானும் ஒரு வட்டத்துக்குள் போய்விட்டேன், பார்த்தாயா?

உன் அம்மாதான் அவர் கையை விலக்கினார். "அப்ப நான் யாரு மேல சாமி கோவப்படறது?"

"எம் மேல படுங்கம்மா. அவன் மேலயும் படுங்க."

 அம்மா வெளியே வண்டிகளை முறுக்கிக்கொண்டு நின்றவர்களிடம் போய், "யாரும் எங்கயும் போக வேண்டாம், ஊடு போய்ச் சேருங்க" என்றார்.

மாமா என்னைக் குழுவிலிருந்து நீக்கிவிட்டார். நீக்கட்டும். முன்னால் பார்க்காமல் என்னைப் பார்த்த உன் மேல் எனக்குத் தீராத கோபம் இருக்கிறது மாப்ள. கனமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் அதை வேறொருவன் தலையில் இறக்கி வைக்க மாட்டேன்.